ஒன்றரை நாள் அருவி

வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக் கடல்வரை எங்கள் நிலம் தோசைக்கல் மாதிரித் தட்டையாகக் கிடக்கிறது. தண்ணீர் விழவேண்டுமானால் முதலில் அது எங்காவது ஏறவேண்டும். இந்தச் சின்ன விஷயம் நான் வேலை பார்த்த வவுனியா அரசாங்கக் கந்தோரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வெளிநாட்டுக்காரருக்குக் காட்டக்கூடிய இயற்கைக் காட்சிகள் உங்கள் பகுதியில் உண்டா, உண்டானால் மோட்டார் றோட்டுப் போட்டுத் தருவோம் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பெரிய துரை பழைய அலுமாரியைக் கிளறி, முந்திய காலத்து வெள்ளைக்காரர் ஒருவரின் நாட்குறிப்பில் ஒரு வரியைக் கண்டுபிடித்தார். காயான்மடு என்னும் குடியேற்றத்துக்குப் பக்கத்துக் காட்டில் அழகிய நீர்வீழ்ச்சி ஒன்று இருக்கிறதாம். அங்கே அவர் இரண்டு மான் சுட்டாராம். எந்த மாதம் போனார் என்று அந்த மனிதர் எழுதவில்லை. மானைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருந்தார்.

கந்தோரில் நாங்கள் ஐந்து கிளாக்கர்மார். மற்ற நால்வருக்கும் காடு ஒத்துவராது. ஒருவருக்குச் சளி, ஒருவருக்குச் சோதனைப் படிப்பு, இருவருக்கு நல்ல குடும்பம். என் அப்பர் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து காணி பெற்று நெல் விதைக்கிறவர், கைநாட்டு வைக்கிறவர். ஆகவே காட்டுக்கு நான்தான் பொருத்தமானவன் என்று முடிவாயிற்று. இதை ஒரு கௌரவம் என்று நினைத்து அன்றிரவே வெள்ளைக் காற்சட்டையைத் தோய்த்துப் போட்டேன்.

போவதற்கு முன் காயான்மடு ஊரதிகாரியான விதானையாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் பரம்பரையில் அரசாங்கத்தின் பெயரால் கடிதம் எழுதிய முதல் ஆள் நான். அந்தச் சந்தோஷப் புளுகத்தில், பள்ளிக்கூடப் பதிவேடுகளைப் பரிசோதிக்கப் போகும்போது அனுப்பும் பழைய கடிதம் ஒன்றை எடுத்து, பதிவேடு என்ற இடத்தில் நீர்வீழ்ச்சி என்று போட்டுக் கொப்பி பண்ணினேன். கையொப்பத்தை மட்டும் மூன்றுமுறை பழகிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை விடிய பஸ் ஏறினேன். புளியங்குளச் சந்தியில் சாரதி தேநீர் குடிக்க இறங்கினார், நாங்களும் இறங்கினோம். அந்தத் தேநீரில் தேயிலை இருந்ததாக நான் சத்தியம் பண்ணமாட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வடையைக் கேட்டேன். "நேற்றையான் வேணுமோ, முந்தநாளையான் வேணுமோ?" என்று கடைக்காரர் ஒளிவு மறைவில்லாமல் கேட்டார். நேற்றைய வடையை வாங்கினேன். வித்தியாசம் தெரியவில்லை.

"பின்னுக்குப் போங்கோ, பின்னுக்கு! பின்னுக்குக் கலியாண மண்டபமே கிடக்கு" என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டு ஆடும் ஒரு தையல் மெஷினும் கிடந்தன. நெடுங்கேணி தாண்டி ஒரு மைல் போனதும் பஸ் பெரிய ஏப்பம் ஒன்று விட்டு நின்றது. சாரதி இறங்கி முன் மூடியைத் திறந்தார். ஆண்கள் எல்லாரும் இறங்கிச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் சொன்னதையும் அந்த எஞ்சின் கேட்கவில்லை.

மத்தியானம் திரும்பும் நேரம் ஒரு மாட்டுவண்டில் வந்தது. ஓட்டிவந்தவர் சவிரியான் என்ற முல்லைத்தீவுக் கடற்கரைக்காரர். கழுத்தில் மாதா சுருவப் பதக்கம், வண்டிலில் ஆள் உயரத்துக்குக் கருவாட்டுச் சிப்பம். குடியேற்றங்களுக்குக் கருவாடு கொண்டுபோய்க் கொடுத்து நெல் மாற்றிக்கொண்டு வருவது அவர் தொழில்.

"தம்பி எவடத்துக்கு?"

"காயான்மடுவுக்கு."

"நானும் அங்கைதான். ஏறுங்கோ. பொழுது படமுன்னம் கொண்டுபோய் இறக்கிவிடுறன்."

கருவாட்டை ஒருமுறை பார்த்தேன். என் காற்சட்டையை ஒருமுறை பார்த்தேன். கருவாட்டின்மேல் குந்தியிருந்து வந்து இறங்கும் அரசாங்கத்தை எவன் மதிப்பான்? "இல்லை அண்ணை, பஸ் இப்ப வெளிக்கிட்டிடும்" என்றேன்.

"ஓம் ஓம், வெளிக்கிடும். எருமை கட்டி இழுத்தால் வெளிக்கிடும்" என்று சொல்லிவிட்டு அவர் மாட்டைத் தட்டினார்.

பஸ் வெளிக்கிடவில்லை. பக்கத்துத் தேநீர்க்கடை மர வாங்கில் படுத்தேன். பழுதான எஞ்சினுக்கும், திருத்தாத சாரதிக்கும், அரசாங்கத்துக்கும் வரிசையாகச் சாபம் போட்டேன். ஒரு நாள் பிந்தினால் என்ன, அருவி எங்கே ஓடிவிடப் போகிறது என்று ஆறுதலும் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்காரர் ஒரு சைக்கிள் தந்தார். பிரேக் இல்லை. "காட்டிலை என்னத்துக்குத் தம்பி பிரேக்? ஆர் குறுக்கை வரப்போகினம்?" என்றார். குறுக்கே ஒரு பன்றிக் கூட்டம் வந்தது. நான் பற்றைக்குள் போனேன். பன்றிகள் மரியாதையாகத் தங்கள் வழியில் போயின.

ஆனி மாதத்துக் காடு. வண்டில் தடம் முழுவதும் முழங்கால்வரை புழுதி. மோதிரக்கண்ணிக் கொடி காற்சட்டையைப் பிடித்துக் கிழித்தது. காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் குளிர்ச்சி, தென்றல் என்றெல்லாம் எழுதுகிறார்கள். அவர்களை ஒருநாள் இந்தத் தடத்தில் சைக்கிள் உருட்டவிட வேண்டும். ஒரு நல்ல விஷயமும் இருந்தது. பாலை மரங்கள் பழுத்துச் சொரிந்துகொண்டிருந்தன. குரங்கு உலுப்பிய மரத்தின்கீழ் நின்று இரண்டு கை நிறையப் பொறுக்கித் தின்றேன். பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டினால் லேசில் போகாது. ஆகவே அரசாங்கம் காயான்மடுவுக்குள் நுழைந்தபோது அதன் வாய் பாதி ஒட்டியிருந்தது.

தூரத்திலேயே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருக்கிறது! வெள்ளைக்காரன் பொய் சொல்லவில்லை!

குளக்கட்டுக்குக் கீழே காட்டோரம் ஒரு கரும்பாறை. அதற்கு முன்னால் மாவிலைத் தோரணம். தோரணத்தின்கீழ் வெள்ளைத் துணி விரித்த கதிரை ஒன்று, பாறையைப் பார்த்தபடி. நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் காலையில் வந்து நின்றவர்கள் மாதிரித் தெரியவில்லை. காத்துக் காத்துச் சலித்த முகங்கள். தலைப்பாகை கட்டிய ஒருவர் முன்னால் வந்து கும்பிட்டார். விதானையார்.

"வாங்கோ ஐயா. நேற்றுத் துவக்கம் பார்த்துக்கொண்டு நிக்கிறம். கதிரையிலை இருங்கோ. இதுதான் எங்கடை நீர்வீழ்ச்சி."

இருந்தேன். பார்த்தேன். நான் நிமிர்ந்து நின்று கையைத் தூக்கினால் எட்டுவதற்குச் சற்று மேலே பாறையின் உச்சி. அங்கிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் உயரத்தைப் பார்த்தால், எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டில் கூரையில் மாரிக்கு வழிகிற தண்ணீருக்கு இதைவிடக் கொஞ்சம் கம்பீரம் உண்டு. இதைப் பார்க்கவா லண்டனிலிருந்து ஆள் வரப்போகிறது என்று மனதுக்குள் சிரித்தேன். அப்போது தண்ணீரோடு ஒரு தாமரை இலை வந்து விழுந்தது. பின்னால் ஒரு பனையான் மீன் விழுந்து பாறையில் துடித்தது.

காட்டாற்றில் ஏது தாமரை? கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் வெயில் குடித்த சூட்டோடு இருந்தது. பங்குனிக்குப் பிறகு இந்தப் பக்கம் ஒரு துளி மழை இல்லை.

ஒரு பெண் தேநீர் கொண்டுவந்தார். நாற்பது வயதிருக்கும், சேலைக் கொய்யகத்தை இழுத்துச் செருகியிருந்தார். பெயர் நாகம்மா என்று பிறகு அறிந்தேன். குவளையை நீட்டியபடியே கேட்டார்.

"தம்பி, பார்த்து முடிஞ்சுதோ?"

"இப்பதானே அக்கா வந்தனான்."

"முடிஞ்சால் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பூட்டலாம்."

"எதைப் பூட்டுறது?"

விதானையார் குறுக்கிட்டார். "நாகம்மா, நீ போய் அடுப்பைப் பார்."

"அடுப்பு எரியுது விதானையார். என்ரை வயலும் எரியுது."

நான் எழும்பிவிட்டேன். "விதானையார், இது குளத்துத் தண்ணியோ?"

அவர் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டார். ஒளிக்கவில்லை. மாரியில் குளம் நிரம்பி வழிந்து வான் பாயும்போது இந்தப் பாறையால் தண்ணீர் விழுவது உண்மைதானாம். இப்போது கோடை. ஆகவே குளத்து மதகை, அதாவது துருசை, முழுக்கத் திறந்து, வயலுக்குப் போகும் வாய்க்காலின் கரையை வெட்டி, தண்ணீரைப் பாறைப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

"எப்ப திறந்தது?"

"நேற்று விடியப் பூசை வைச்சுத் திறந்தது ஐயா."

"நேற்றோ? இரவும் ஓடினதோ?"

"பின்னை? கடுதாசியிலை வியாழன் எண்டு கிடக்கு, நேரம் ஒண்டும் போடேல்லையே. பூட்டிப்போட்டு நிக்கேக்கை நீங்கள் வந்து இறங்கினால் நாங்கள் என்ன மறுமொழி சொல்லுறது?"

எனக்கு வந்த கோபத்தில் ஒட்டியிருந்த வாய் திறந்துகொண்டது. குளத்துத் தண்ணீரில் சோறு தின்று வளர்ந்தவன் நான். நெல் குடலையில் நிற்கும் நேரத்தில், கதிர் உள்ளே திரளும் நேரத்தில், ஒரு தண்ணீர் தவறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "உங்களுக்கெல்லாம் புத்தி கெட்டுப்போச்சோ? ஆர் உங்களுக்கு இப்பிடிச் செய்யச் சொன்னது?" என்று கத்தினேன்.

விதானையார் மடியிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து, எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார்.

"உமது கிராமத்து நீர்வீழ்ச்சியைப் பரிசோதனைக்கு ஆயத்தமாக வைத்திருக்கும்படி இத்தால் கட்டளையிடப்படுகிறீர். தவறினால் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்."

கீழே என் கையொப்பம். மூன்றுமுறை பழகியது.

"கட்டளை எண்டு கிடக்கு ஐயா. றோட்டும் வரும் எண்டு கதை. பஸ் வந்தால் நோய் துன்பத்துக்கு முள்ளியவளைக்காவது போகலாம். மூண்டு மணித்தியாலம்தானே, ஐயா வந்து பார்த்திட்டுப் போயிடுவார் எண்டு கூட்டத்திலை எல்லாரும் ஓம் எண்டினம்."

"நானும் ஓம் எண்டுதான் சொன்னனான்" என்றார் நாகம்மா. "மூண்டு மணித்தியாலத்துக்கு."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. சவிரியான். "நேற்றே இவரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பன். கருவாடு மணக்குதாம், ஏறமாட்டன் எண்டிட்டார்."

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நாங்கள் துருசைப் பூட்டப் போவதற்குள் பாறையில் தண்ணீர் நூலாக இளைத்துவிட்டது; பூட்டிவிட்டுக் குளத்தைப் பார்க்கப் போனோம். நடுவில் ஒரு மடு அளவு தண்ணீர் கிடந்தது. அதன் மட்டம் துருசின் வாயடிவரை வடிந்துவிட்டது. இனி எவ்வளவு திறந்தாலும் ஒரு சொட்டுப் போகாது. சுற்றிலும் சேறு, சேற்றில் விரால்கள் புரண்டன, கொக்குகளுக்குத் திருவிழா.

பிறகுதான் ஊரின் தாராள மனசு எனக்கு விளங்கியது. காயான்மடுவில் தண்ணீர் முறை மேலிருந்து கீழாக வரும். மேல்வயல்காரருக்கெல்லாம் கடைசித் தண்ணீர் புதன்கிழமையோடு பாய்ந்து முடிந்துவிட்டது. விதானையாரின் வயலுக்கும்தான். மிச்சம் இருந்தது வாய்க்காலின் கடைசியிலுள்ள இரண்டு துண்டு. இரண்டும் நாகம்மாவினுடையவை. புருஷன் இறந்தபின் அவர் தனியாகச் செய்கிற வயல். றோட்டுக்காக ஊர் முழுவதும் கூடி மனமுவந்து கொடுத்த காணிக்கை அவருடைய தண்ணீர்.

"அள்ளி விட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"என்னத்தை?"

"மடுவிலை இருக்கிற தண்ணியை. துருசு வாய்க்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, இறைச்சு ஊத்துவம்."

குளக்கட்டில் நின்ற ஆண்களெல்லாம் சிரித்தார்கள். வன்னியில் குளத்துத் தண்ணீர் தானாகப் பாயவேண்டும். அதை அள்ளி இறைப்பது அவர்களுக்கு மானக்கேடு. "உது யாழ்ப்பாணத்தாற்றை வேலை தம்பி. அங்கைதான் மனிசர் விடிய விடியத் தண்ணி அள்ளிச் சாகிறது" என்றார் ஒருவர். 'ஐயா' 'தம்பி'யாகிவிட்டதைக் கவனித்தேன். அது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

"என்ரை அப்பர் யாழ்ப்பாணத்தார்தான். கிளிநொச்சியிலை எங்கடை மேட்டுத் துண்டுக்கு வாய்க்கால் ஏறாது. பத்து வயசிலை இருந்து இறைச்சனான்" என்றேன்.

மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றின் இரண்டு பக்கமும் கயிறு கட்டினேன். காற்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, நாகம்மா தந்த பழைய சாறத்தைக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். எதிர்ப்பக்கக் கயிற்றைப் பிடிக்க ஆண் ஒருவரும் வரவில்லை. நாகம்மா இறங்கினார். இருவரும் எதிரெதிரே நின்று, தகரத்தை வீசித் தாழ்த்தி, நிரப்பி, இழுத்து, மேலே சரித்தோம். முதல் பத்துத் தகரம் என் முகத்தில் விழுந்தது.

"படிச்ச கை எண்டு தெரியுது" என்றார் அவர். "கயிறைப் பேனை மாதிரிப் பிடிக்கிறியள்."

கட்டின்மேல் சனம் வேடிக்கை பார்த்தது. "கந்தோர் துரை நீர்வீழ்ச்சி செய்யிறார், வந்து பாருங்கோ!" என்று ஒருவன் கூவினான். சவிரியான் சிரித்துக்கொண்டிருந்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இறங்கி ஒரு மணித்தியாலம் கயிறு பிடித்தார். கடலில் வலை இழுக்கிற கை, என்னைச் சேர்த்து இழுத்துவிடும்போல் இருந்தது. "நெல்லு விளையாட்டி என்ரை கருவாட்டுக்கு என்னத்தைத் தருவா?" என்று காரணமும் சொன்னார்.

சாப்பாட்டைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். குரக்கன் புட்டும் விரால் குழம்பும். அப்படி ஒரு குழம்பை நான் எந்தக் கலியாண வீட்டிலும் சாப்பிட்டதில்லை. குளம் வற்றியதால் கையாலேயே பிடிபட்ட மீன். அதை நினைத்தபோது இரண்டாவது கவளத்தைத் திரும்ப வைத்துவிட்டேன். "தின்னுங்கோ தம்பி. நீங்கள் தின்னாட்டித் தண்ணி திரும்பி வரப்போகுதோ?" என்றார் நாகம்மா.

சனிக்கிழமை முழுவதும் இறைத்தோம். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்து உடைந்தன. வாய்க்காலில் தண்ணீர் ஒரு பாம்பின் அகலத்துக்குப் போனது. அதில் பாதியை வெடித்த வாய்க்காலே குடித்தது. பின்னேரம் விதானையார் கட்டிலிருந்து இறங்கி வந்தார். தலைப்பாகையை ஒரு கல்லின்மேல் வைத்தார். "கொஞ்சம் விடு நாகம்மா" என்று கயிற்றை வாங்கினார். அவருக்கு வீச்சு வரவில்லை. தகரம் போய் அவர் நெஞ்சிலேயே ஊற்றியது. கட்டின்மேல் நின்றவர்கள் இம்முறை சிரிக்கவில்லை. அவர் பொழுதுபடும்வரை இறைத்தார்.

ஞாயிறு மத்தியானம் மடுவில் சேறுதான் மிஞ்சியது. முதல் துண்டு முழுக்க நனைந்திருந்தது. இரண்டாவது துண்டின் வரம்போடு ஈரம் நின்றுவிட்டது. நாகம்மா வரம்பில் நின்று அந்த ஈரத்தின் விளிம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, போட்டு வாங்கோ தம்பி" என்றார். நான் சைக்கிளை எடுத்தேன்.

வவுனியாவுக்கு வந்து அறிக்கை எழுதினேன். காயான்மடுவில் கோடையில் நீர்வீழ்ச்சி இல்லை. மாரியில் எட்டடிப் பாறையால் தண்ணீர் வழியும். ஆனால் மாரியில் அங்கே போகத் தடமே இருக்காது. அங்குள்ள மக்களுக்கு றோட்டு அவசியம். என் கடிதத்தால் நடந்த அழிவையும் ஒன்றும் விடாமல் எழுதினேன். துரை அந்தப் பகுதியைச் சிவப்பு மையால் வெட்டினார். இது தேவையில்லை என்றார்.

"நீர்வீழ்ச்சி இல்லாத இடத்துக்கு றோட்டு ஏன், காணும்?"

"அங்கே மனிதர் இருக்கிறார்கள், சேர்."

"சுற்றறிக்கையில் மனிதரைப் பற்றிக் கேட்கவில்லை" என்று சொல்லிக் கடுதாசிக் கோவையைக் கட்டினார்.

ஆவணி முடிய விதானையார் வேறு ஏதோ அலுவலாகக் கந்தோருக்கு வந்தார். வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். கேட்கப் பயமாக இருந்தது, கேட்டேன்.

"நாகம்மாக்காவின்ரை வயல்?"

"ஒரு துண்டு விளைஞ்சுது. நல்ல விளைச்சல். மற்றது மாட்டுக்கு."

"என்னை ஏசினவாவோ?"

"உங்களை ஏன் ஏசுறா? எங்களைத்தான். கூட்டத்திலை எழும்பி நிண்டா. கடைசி வயல்காரரிட்டைத்தான் இனித் துருசுச் சாவி இருக்கவேணும் எண்டிட்டா. மேல்வயல்காரனுக்குத் தண்ணி முடியிறது தெரியாதாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அவர் தேநீரை ஒருமுறை ஆற்றிக் குடித்தார்.

"என்னத்தைச் சொல்லுறது? இனி எனக்குத் தண்ணி வேணுமெண்டாலும் அவாவின்ரை வீட்டுப் படலையிலை போய் நிண்டுதான் கூப்பிடவேணும்."